முட்டிவலிக்குத் தியானம் பண்ணலாமா?

தியானத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: தியானம் பண்ணினால் வலி போகுமா? இடுப்புவலிக்காரர்கள் கேட்கிறார்கள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள் கேட்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய என் பெரியம்மாவும் கேட்டார்: "ஏங்கண்ணு, கண்ண மூடி உக்காந்தா இந்த முட்டிவலி போயிருமா?"

நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தேய்ந்த மூட்டு தியானத்தால் வளராது. பிதுங்கிய டிஸ்க்கைத் தியானம் உள்ளே தள்ளாது. ஆனால் அந்த வலி உங்கள் தூக்கத்தையும் கோபத்தையும் நாளையைப் பற்றிய பயத்தையும் எந்த அளவுக்கு ஆட்டிவைக்கிறதோ, அது மாறும். நெடுநாள் இடுப்புவலியோடு வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அது சின்ன விஷயமில்லை. என் வலியில் பெரும்பங்கு அதுதான்.

இப்படிச் சொன்னால் மட்டும் போதாது, எதை வைத்துச் சொல்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த தியானம்

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்று ஓர் ஊர். அங்குள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் 1979-ல் ஜான் கபாட்-ஸின் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அவர் வைத்தியம் படித்தவர் அல்ல. நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியாவிடம் மூலக்கூறு உயிரியலில் ஆய்வு செய்து எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியவர். கூடவே ஜென் தியானமும் விபாசனாவும் பழகியவர்.

அவரிடம் வந்து சேர்ந்தவர்கள், மாத்திரை, ஊசி, சில பேருக்கு ஆபரேஷன் என்று எல்லாம் பார்த்தும் வலி தீராதவர்கள். இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலைக்கு வந்தவர்களை டாக்டர்களே அங்கே அனுப்பினார்கள். சாமி படம் கிடையாது, மந்திரம் கிடையாது, தீட்சை கிடையாது. எந்த மதத்துக்காரரும் வந்து உட்காரலாம்.

முதலில் பத்து வாரமாக இருந்த பயிற்சி, பிறகு எட்டு வாரமாக நிலைபெற்றது. வாரத்துக்கு ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். நடுவில் ஒருநாள் முழுக்க மௌனம். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் பயிற்சி. உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, மெதுவான ஆசனங்கள், நடந்துகொண்டே கவனிப்பது, படுத்த நிலையில் உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிப்பது என்று நாலைந்து விஷயங்கள்தான் பாடம்.

1982-ல் கபாட்-ஸின் தன் முதல் கணக்கை வெளியிட்டார். நாள்பட்ட வலிக்காரர்கள் 51 பேர் அந்தப் பயிற்சியை எடுத்திருந்தார்கள். அவர்களில் 65 சதவீதம் பேருக்கு வலியின் அளவு மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. பயிற்சி எடுக்காத ஒரு குழுவை வைத்து ஒப்பிடவில்லை என்பதால் அதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கைவிடப்பட்டவர்களுக்கும் செய்ய ஏதோ இருக்கிறது என்பதை அந்தச் சின்ன ஆய்வு காட்டியது. இன்று உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் இந்தப் பயிற்சி நடக்கிறது.

படுத்துக்கொண்டே செய்யும் பயிற்சி

எனக்கு மிகவும் உதவியது அங்கம் அங்கமாகக் கவனிக்கும் பயிற்சி. உட்காரவே முடியாத இடுப்புவலிக்காரர்களும் செய்யலாம் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

பாயை விரித்து மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும். கண்ணை மூடலாம். மூடினால் பதற்றம் வருகிறது என்பவர்கள் திறந்தே வைத்திருக்கலாம். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம், அது பாட்டுக்குப் போய் வரட்டும்.

இப்போது இடது கால் விரல்களுக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். அங்கே என்ன தெரிகிறது? சூடா, சில்லென்று இருக்கிறதா, துணி உரசுகிறதா? எதுவுமே தெரியவில்லை என்றால் அதுவும் சரியான பதில்தான். அங்கிருந்து உள்ளங்கால், குதிகால், கணுக்கால், கெண்டைக்கால், முட்டி, தொடை. அப்புறம் வலது கால். இடுப்பு, அடிவயிறு, முதுகு, நெஞ்சு, கைகள், தோள், கழுத்து, முகம், உச்சந்தலை. அவசரமில்லாமல் ஒவ்வோர் இடத்திலும் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நகருங்கள்.

நடுவில் மனசு ஓடும். கேஸ் சிலிண்டருக்குப் பதிந்தோமா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டினோமா என்று போய்விடும். போனது தெரிந்ததும் விட்ட இடத்துக்கே திரும்பி வாருங்கள். நூறு தடவை போனால் நூறு தடவை திரும்பி வர வேண்டியதுதான். அந்தத் திரும்பி வருவதற்குத்தான் இத்தனை பயிற்சியும்.

வலிக்கிற இடம் வரும்போது அதைத் தாண்டிக் குதிக்காதீர்கள், அங்கேயே மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். பாருங்கள். எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது? எரிச்சலா, குத்தலா, இழுப்பா? மூச்சு விடும்போது கூடுகிறதா, குறைகிறதா?

நான் அப்படிப் பார்க்கப் பழகியபோது தெரிந்ததைச் சொல்கிறேன். "இடுப்பே போச்சு" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வலி, வலது பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிற ஓர் இழுப்பு. அது ஒரே மாதிரி இருப்பதில்லை. ஏறுகிறது, இறங்குகிறது, சில நொடிகள் காணாமலும் போகிறது. அதற்குப் பின்னாலேயே ஒரு வாக்கியம் வருகிறது: இப்பவே இப்படின்னா, வயசானா என்ன கதி? அந்த வாக்கியம் வந்ததும் தாடை இறுகுகிறது, தோள் ஏறிக்கொள்கிறது, மூச்சு மேலாப்பிலேயே நிற்கிறது. இறுகிய தசை இடுப்பை இன்னும் இழுக்கிறது. வலி கூடுகிறது.

வாக்கியம் வருவதைப் பார்க்க முடிந்த நாட்களில் தாடை இறுகுவதில்லை. வலி இருக்கிறது. அதற்கு மேல் நான் சேர்த்துக்கொண்ட சுமைதான் குறைகிறது. புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொன்னார். முதல் அம்பு உடம்பில் தைக்கும் வலி. அது தைத்ததே என்று மனசு புலம்புவது இரண்டாவது அம்பு. பழகிய மனசு முதல் அம்பை மட்டும் தாங்குகிறது என்கிறது பௌத்த சூத்திரம்.

சோதனைச்சாலையில் பார்த்தது

இது என் ஒருத்தியின் அனுபவமாக மட்டும் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஃபாடெல் ஸைடான் என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் மருத்துவக் கல்லூரியில் இதையே அளந்து பார்த்தார்கள். 2015-ல் வெளியான அந்த ஆய்வில் நோயில்லாத 75 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு குழுவுக்கு நாலு நாள், நாளுக்கு 20 நிமிடம் தியானம். இன்னொரு குழுவுக்கு வலி நிவாரணி என்று சொல்லி வெறும் களிம்பு. பிறகு எல்லோருடைய தோலிலும் சுடுகருவியை வைத்து இரண்டு கேள்வி கேட்டார்கள்: வலி எவ்வளவு, அது உங்களை எவ்வளவு தொந்தரவு செய்கிறது?

தியானம் செய்தவர்களுக்கு வலியின் அளவு 27 சதவீதம் குறைந்தது. தொந்தரவு 44 சதவீதம் குறைந்தது. களிம்புக் குழுவில் அவை முறையே 11, 13 சதவீதம்தான் குறைந்தன. நாலே நாள் பழகியவர்களிடமே, வலியைவிட வலியின் தொந்தரவு அதிகமாகக் குறைந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு நான் சொல்ல நினைத்தது அந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

நிஜ நோயாளிகளிடமும் பார்த்திருக்கிறார்கள். 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 342 பேர். ஒரு குழுவுக்கு கபாட்-ஸின்னின் எட்டு வாரப் பயிற்சி, ஒரு குழுவுக்கு அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்னும் மனநலச் சிகிச்சை, மூன்றாவது குழுவுக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். 26 வாரம் கழித்து, அன்றாட வேலைகளைச் செய்வதில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் தியானக் குழுவில் 61 சதவீதம், மனநலச் சிகிச்சைக் குழுவில் 58, வழக்கமான வைத்தியம் பார்த்தவர்களில் 44. குனிந்து செருப்பு மாட்டுவது, மாடிப்படி ஏறுவது மாதிரி காரியங்களைத்தான் அன்றாட வேலை என்கிறார்கள். வலியோடு வாழ்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

தலைவலிக்காக வராதே என்று சொன்ன குரு

படுத்துக்கொண்டே செய்யும் அந்தப் பயிற்சியின் வேர் பர்மாவில் இருக்கிறது. ரங்கூனில் கணக்குத் துறையில் பெரிய அரசு அதிகாரியாக இருந்துகொண்டே விபாசனா கற்பித்தவர் ஊ பா கின். உடம்பை அங்கம் அங்கமாகக் கவனிக்கும் முறை அவர் வழியில் வந்தது. கபாட்-ஸின் அதைத்தான் நோயாளிகளுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்.

ஊ பா கின்னிடம் 1955-ல் வந்து சேர்ந்தவர் எஸ்.என். கோயங்கா. 1924-ல் மாண்டலேயில் பிறந்த இந்திய வம்சாவளி வியாபாரி. கடுமையான ஒற்றைத் தலைவலி. அதற்கு மார்ஃபின் ஊசி போட வேண்டியிருந்தது, பல நாட்டு டாக்டர்களையும் பார்த்தாயிற்று. தலைவலியைத் தீர்த்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சொன்னதும் ஊ பா கின் அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்துவிட்டார். உடல் நோயைத் தீர்ப்பதற்கானது அல்ல இது, மனதைத் தூய்மை செய்வதற்கானது, அந்த நோக்கத்தோடு வந்தால் வா, உடம்புக்குக் கிடைக்கிற நன்மை தானாகக் கிடைக்கும் என்றார். கோயங்காவே இதைத் தன் உரைகளில் சொல்லியிருக்கிறார். தலைவலியிலிருந்து விடுபட்டதையும் சொல்லியிருக்கிறார். 1969-ல் இந்தியாவுக்கு வந்து விபாசனாவைக் கற்பிக்கத் தொடங்கினார்.

அந்த மறுப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. வலி போக வேண்டும், போக வேண்டும் என்று உட்கார்ந்தால் ஒவ்வொரு நிமிடமும் போய்விட்டதா என்று சோதிப்பதிலேயே நேரம் போகும். அதுவே இன்னொரு இறுக்கம். தியானத்தை நோய் தீர்க்கும் சரக்காக விற்கிறவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கற்பித்த பெரியவர்களே அப்படி விற்கவில்லை.

மனசு நோகும்போது

உடம்பு வலிக்குப் பின்னால் ஒரு வாக்கியம் வருகிறது என்றேன். மனச்சோர்விலும் அதேதான் நடக்கிறது. ஒருமுறை கடுமையான மனச்சோர்வில் விழுந்து எழுந்தவருக்குச் சாதாரண ஒரு வருத்தம் வந்தால்கூட, 'நான் எதற்கும் லாயக்கில்லை' என்ற பழைய பேச்சு உடனே கிளம்பிவிடுகிறது. அந்தப் பேச்சின் பின்னால் போகப் போக, நோய் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது.

ஜிண்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் என்ற மூன்று உளவியலாளர்கள் இதைக் கவனித்து, கபாட்-ஸின்னின் பயிற்சியோடு மனநலச் சிகிச்சையைச் சேர்த்து ஓர் எட்டு வார முறையை அமைத்தார்கள். 2000-ல் வந்த முதல் ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களுக்கு நோய் திரும்பும் விகிதம் 66 சதவீதத்திலிருந்து 37 ஆகக் குறைந்தது. இரண்டே முறை கண்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2004-ல் பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டி இதைத் திரும்பத் திரும்ப மனச்சோர்வு வருபவர்களுக்குப் பரிந்துரைத்தது.

பதற்ற நோய்க்கு 2022-ல் ஒரு முக்கியமான ஆய்வு வந்தது. 276 பேர். பாதிப் பேருக்கு எட்டு வாரத் தியானப் பயிற்சி, மீதிப் பேருக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதித் தரும் எஸ்சிட்டாலோபிராம் மாத்திரை. முடிவில் இரண்டு குழுவுக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு குணம். மாத்திரைக்குப் பயந்து வைத்தியமே பார்க்காமல் இருப்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது என்பதால் இதைச் சொல்கிறேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. மனநல மாத்திரையைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்து. குறைப்பதும் கூட்டுவதும் உங்கள் டாக்டர் கையில் இருக்கட்டும்.

பிரஷர், இதயம்

ரத்த அழுத்தத்துக்கு வருகிறேன். ஹார்வர்டில் இதய மருத்துவரான ஹெர்பர்ட் பென்சன் தியானம் செய்பவர்களின் உடலை ஆராய்ந்து, அந்த நேரத்தில் இதயத்துடிப்பும் மூச்சும் உடல் செலவிடும் ஆக்சிஜனும் குறைவதைக் கண்டார். ஆபத்து வந்தால் ஓடவும் சண்டை போடவும் உடம்பு தயாராகிறது அல்லவா, அதற்கு நேரெதிரான ஓர் இளைப்பாறும் நிலையும் உடம்புக்குள்ளேயே இருக்கிறது என்று 1975-ல் புத்தகமாக எழுதினார்.

அதற்காக பிரஷர் மாத்திரைக்கு மாற்று இது என்று யாரும் சொல்லிவிடவில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2017-ல் ஆய்வுகளை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: பலன் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல இன்னும் ஆய்வு வேண்டும், மருந்துக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் நடைக்கும் துணையாகச் செய்யலாம். துணை என்ற அந்த இடம்தான் தியானத்துக்குச் சரியான இடம் என்பது என் கருத்தும்.

2014-ல் 47 ஆய்வுகளையும் அவற்றில் இருந்த 3,515 பேரையும் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பும் இதையே சொன்னது. பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் தியானத்தால் ஓரளவு பலன் இருந்தது. மருந்தையோ உடற்பயிற்சியையோ விட மேலானது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. நடைப்பயிற்சியை விட்டுவிட்டுத் தியானத்துக்கு வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டும் வேண்டும்.

யார் நிதானிக்க வேண்டும்

தியானம் எல்லோருக்கும் எப்போதும் நல்லது என்று சொல்ல மாட்டேன். கண்ணை மூடியதும் பழைய கொடுமை கண்முன் வந்து நிற்பவர்கள் உண்டு. தீவிரமாகப் பல நாள் தியானத்தில் இருந்தபோது பயமும் தூக்கமின்மையும் பிடித்துக்கொண்டவர்களைப் பற்றி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மனச்சிதைவு, இருமுனை மனநோய் இருப்பவர்கள், அண்மையில் பெரிய இழப்பையோ வன்முறையையோ சந்தித்தவர்கள், மனநல மருத்துவரைக் கேட்காமல் பத்து நாள் மௌன முகாமுக்குப் போக வேண்டாம். விபாசனா மையங்களின் விண்ணப்பத்திலேயே மனநலத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். அங்கே மறைக்காமல் எழுதுங்கள்.

புதிதாக வந்த வலியையும் தியானத்தால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நெஞ்சுவலி, காலில் திடீர் மரத்துப்போதல், இதுவரை வராத மாதிரியான தலைவலி என்றால் முதலில் ஆஸ்பத்திரி.

எங்கே தொடங்குவது

நம் பக்கம் வழிகளுக்குக் குறைவில்லை. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் 1911-ல் பிறந்த வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் தமிழ்நாட்டின் சின்ன ஊர்களில்கூட இருக்கின்றன. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் ஆழியாறு அறிவுத் திருக்கோயிலுக்குப் போய் வந்தவர் இல்லாத தெரு குறைவு. அங்கே தவத்தோடு எளியமுறை உடற்பயிற்சியும் சொல்லித்தருவது வயதானவர்களுக்கு நல்லது. சென்னைக்கு அருகே திருமுடிவாக்கத்தில் தம்ம சேது என்னும் விபாசனா மையம் இருக்கிறது. பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, ஆனால் பத்தாம் நாள் காலை வரை மௌனமாக இருக்க வேண்டும்.

எங்கும் போக முடியாதவர்கள் மேலே சொன்ன படுத்துச் செய்யும் பயிற்சியை வீட்டிலேயே பத்து நிமிடத்தில் தொடங்கலாம். ஒரே முறையைப் பிடித்துக்கொண்டு எட்டு வாரமாவது செய்து பாருங்கள். ஆய்வுகளில் பலன் கண்டவர்கள் எல்லோரும் தினமும் செய்தவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வகுப்புக்கு வந்தார்கள், கூட ஆட்கள் இருந்தார்கள். அதனால் வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரியம்மா இப்போது பேத்தியோடு சேர்ந்து படுத்துச் செய்கிறார். பிசியோதெரபியையும் விடவில்லை. "வலி இருக்குது கண்ணு, ஆனா ராத்திரி அதையே நெனச்சுட்டுக் கெடக்கறதில்ல" என்றார். நான் எதிர்பார்த்ததும் அவ்வளவுதான்.

இத்தனையும் எழுதும்போது எனக்கு ஒரே ஆதங்கம். வூஸ்டரில் தியானம் ஆஸ்பத்திரிக்குள் நடந்தது. டாக்டர் அனுப்பினார், அதே கட்டடத்தில் நோயாளி கற்றார். இங்கே மன்றம் ஓர் இடத்தில், மருத்துவமனை ஓர் இடத்தில். மன்றத்துக்குப் போகிறவரிடம் மாத்திரையைப் பற்றிக் கேட்பார் இல்லை, மருத்துவமனைக்குப் போகிறவரிடம் இரவில் தூங்கினீர்களா, பயமாக இருக்கிறதா என்று கேட்க நேரமில்லை. நாள்பட்ட வலிக்காரர் இரண்டுக்கும் நடுவில் தனியாக நிற்கிறார்.

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையோடு பிசியோதெரபியும் வீட்டு வாசலுக்கு வருகிறது. அப்படி வருகிற பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கு இந்தப் படுத்தபடி கவனிக்கும் பயிற்சியை முறையாகக் கற்றுக்கொடுத்தால், கால் நீட்டி மடக்கச் சொல்லித்தரும்போதே இதையும் சொல்லித்தரலாம். இதற்குக் கருவி வேண்டாம், கட்டடம் வேண்டாம், மருந்துச் செலவும் இல்லை. படுக்கையிலேயே கிடக்கிற எத்தனையோ பேருக்கு இது போய்ச் சேரும். சுகாதாரத் துறையில் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரிகளில் வலி சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு வட்டாரத்தில் எட்டு வாரம் செய்து, கணக்கும் எடுத்துப் பாருங்கள். நம் ஊர் நோயாளிகளிடம், நம் மொழியில் எடுத்த கணக்கு நமக்கு வேண்டும்.